எல்லாம் ஆயத்தம் என்று ஆள் வந்து நிற்கும்போது

எங்கள் ஆட்கள் கலியாணத்துக்கு அழைப்பதில்லை, சொல்வார்கள். காட் மட்டும் தபாலில் வந்தால் "வீட்டுக்கு வந்து சொல்லேல்லை" என்ற குறை பேரப்பிள்ளை காலம்வரை இருக்கும். என் பிழைப்பும் அந்தச் சொல்லில்தான் ஓடுகிறது. கொழும்பு வெள்ளவத்தையில் இருபத்தாறு வருடமாகக் கலியாணச் சமையல் ஓடர் எடுக்கிறேன். எத்தனை வீட்டுக்குச் சொன்னார்கள், அதில் எத்தனை பேர் தலையாட்டினார்கள் என்று கேட்டுத்தான் கிடாரத்தில் அரிசி போடுவேன். அதனால் வேதாகமத்தில் லூக்கா 14-ஆம் அதிகாரத்து விருந்து உவமையை நான் அடுப்படியில் நின்றுதான் வாசிக்கிறேன். அழைக்கப்பட்டவர்கள் சாட்டுச் சொல்லி வராமல் விட, எசமான் தெருவில் இருக்கிறவர்களைக் கூட்டிவரச் சொல்கிற கதை அது, இயேசு சொன்னது. சபையில் ஒரு தம்பி, "அண்ணை, தேவன் அழைக்கிறார் எண்டு சொல்லுகினம், அதுக்கு உண்மையில என்னதான் செய்யிறது?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் உவமையை 16-ஆம் வசனத்தில் தொடங்காதீர்கள். அதிகாரத்தின் முதல் வசனத்திலிருந்து வாசியுங்கள். ஓய்வுநாள், பரிசேயரில், அதாவது யூதச் சமயச் சட்டத்தில் கண்டிப்பானவர்களில், ஒரு தலைவனுடைய வீடு, சாப்பாடு நடக்கிறது. வந்தவர்கள் முதன்மையான இடம் தேடுகிறார்கள். சிநேகிதரையும் ஐசுவரியமுள்ள அயலாரையும் அழைக்காதே, ஏழைகளை அழை என்று வீட்டுக்காரனிடமே இயேசு சொல்கிறார். பந்தி சங்கடப்பட்டிருக்கும். அதைச் சமாளிக்கத்தானோ என்னவோ, ஒருவர் "தேவனுடைய ராஜ்யத்தில் போஜனம்பண்ணுகிறவன் பாக்கியவான்" என்று அழகாக ஒரு வசனம் விடுகிறார். அந்த அழகான பேச்சுக்கு வந்த பதில்தான் இந்த உவமை.

அடுத்தது, அழைப்பு இரண்டு தடவை போகிறது என்பதைக் கவனியுங்கள். 16-ஆம் வசனத்தில் அநேகரை அழைப்பித்தாயிற்று. 17-ஆம் வசனத்தில், விருந்து வேளையில், "எல்லாம் ஆயத்தமாயிருக்கிறது, வாருங்கள்" என்று ஊழியக்காரன் மறுபடி போகிறான். அந்தக் காலத்துப் பெரிய வீட்டு வழக்கம் இது. எஸ்தர் புத்தகத்திலும் ராஜாவின் மந்திரி ஆமானுக்கு ராணியின் விருந்தைப் பற்றி முன்பே சொல்லியாயிற்று, ஆனாலும் நேரம் வந்ததும் பிரதானிகள் வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். காரணம் சமையல்காரனுக்கு உடனே விளங்கும். கோழி அறுப்பதா, ஆடா, கொழுத்த கன்றா என்பது எத்தனை பேர் வருகிறோம் என்றார்கள் என்பதைப் பொறுத்தது. அறுத்த இறைச்சியை நாளைக்கு வைக்கக் குளிர்சாதனப் பெட்டி கிடையாது. முதல் சொல்லுக்கு 'ஓம்' என்றவன், அடுப்பு இறங்கிய பிறகு 'இல்லை' என்றால் சட்டி அவன் பேரைச் சொல்லிக்கொண்டு நிற்கும். நானூறு பேர் என்று சொல்லி இருநூற்றைம்பது வந்த இரவுகளை நான் பார்த்திருக்கிறேன். பதினொரு மணிக்கு மண்டபத்தைப் பூட்டும்போது பெண்ணின் அப்பா அந்தக் கத்தரிக்காய் பால்கறித் தாச்சியைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

ஆகவே இந்த உவமை கடவுளை அறியாதவர்களைப் பற்றியதல்ல. ஏற்கெனவே 'வாறன்' என்று சொன்னவர்களைப் பற்றியது. ஒரு கொப்பியை எடுத்து, நீங்கள் எப்போது அப்படிச் சொன்னீர்கள் என்று எழுதுங்கள். சபையில் விசுவாசத்தை உறுதிசெய்கிற திடப்படுத்தல் நாளாக இருக்கலாம், ஆஸ்பத்திரி வாங்கில் இருந்து நேர்ந்துகொண்ட நேரமாகவும் இருக்கலாம். நம் ஊரில் 'வாறன்' என்று சொல்லிக்கொண்டுதான் வாசலை விட்டுப் போவோம். கடவுளிடமும் அநேகமாக அந்த 'வாறன்'தான்.

இனித்தான் கஷ்டமான வேலை. உங்கள் சாட்டு எது என்று கண்டுபிடிக்க வேண்டும். நாம் சாட்டு என்பதைப் பழைய வேதாகமம் 'போக்குச்சொல்ல' என்கிறது. ஒருவன் வயல் வாங்கினான், அதைப் பார்க்க வேண்டுமாம். பார்க்காமலா வாங்கினான்? இன்னொருவன் ஐந்தேர் மாடு, அதாவது பத்து மாடு, வாங்கிச் சோதிக்கப் போகிறான். பத்து மாடு கட்டுகிறவன் சின்னக் கமக்காரன் இல்லை. மூன்றாமவன் கலியாணம் கட்டியவன். முதல் இருவரும் மன்னிப்பாவது கேட்டார்கள், இவன் அதுகூட இல்லை, "நான் வரக்கூடாது", அதாவது வர முடியாது, என்று முடித்துவிட்டான். கொழும்பில் வயல் என்றால் தெஹிவளையில் அட்வான்ஸ் கட்டிய வீடு, ஐந்தேர் மாடு என்றால் லீசிங்கில் எடுத்த வான். கலியாணம் எங்கேயும் கலியாணம்தான்.

இவற்றில் ஒன்றுகூடப் பாவம் இல்லை. புது வீடு கட்டியவன், திராட்சத்தோட்டம் போட்டவன், பெண் நிச்சயித்தவன் எல்லாரும் யுத்தத்திலிருந்து திரும்பிப் போகலாம் என்று உபாகமம் 20-ஆம் அதிகாரமே சொல்கிறது. புது மாப்பிள்ளைக்கு 24-ஆம் அதிகாரத்தில் ஒரு வருட லீவும் இருக்கிறது. அது போருக்கு. இவர்களோ சாப்பாட்டுக்கு அதே லீவைக் கேட்கிறார்கள். எனவே உங்கள் சாட்டு மரியாதையானதா என்று சோதிக்காதீர்கள், எல்லாச் சாட்டும் மரியாதையாகத்தான் இருக்கும். நான் இன்றைக்குப் போனால் இது ஓடிவிடுமா என்று கேளுங்கள். வயல் ஓடாது.

ஆனால் வராதவர்கள் எல்லாரையும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. உவமையில் போக்குச் சொன்ன மூவரும் சொத்தும் வசதியும் உள்ளவர்கள். நடக்க முடியாதவனையும் பார்வையில்லாதவனையும் ஏன் வரவில்லை என்று எசமான் கேட்கவே இல்லை, கூட்டிக்கொண்டு வா என்றுதான் சொல்கிறார். தேவாலயங்களில் குண்டு வெடித்த 2019 ஏப்ரல் 21-க்குப் பிறகு கோயில் வாசல் மிதிக்கவே கைகால் நடுங்கியவர்கள் இந்த நகரத்தில் எத்தனையோ பேர். அது சாட்டு அல்ல. படுத்த படுக்கையான மாமியைப் பார்க்கிற மருமகளுடையதும் சாட்டு அல்ல. அப்படிப்பட்டவர்களுக்கு இந்த உவமையைக் காட்டி உறுக்குகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

என் சாட்டுக்கு வருகிறேன். எனக்கு அது ஞாயிற்றுக்கிழமை ஓடர். மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் சபையில் திருவிருந்து, இயேசுவை நினைத்து அப்பமும் ரசமும் பகிர்கிற ஆராதனை. மணி அடிக்கிற பெரியவர் சனிக்கிழமை பின்னேரம் நாங்கள் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது எட்டிப் பார்த்து, "தம்பி, நாளைக்குத் திருவிருந்து" என்பார். நான் "ஓம் ஐயா, வாறன்" என்பேன். போக மாட்டேன். ஊரெல்லாம் பந்தி வைக்கிறவனுக்குத் தன் பந்தியில் இருக்க நேரமில்லை.

அப்புறம் 2022 வந்தது. காஸ் இல்லை, பெற்றோல் இல்லை, கலியாணங்களெல்லாம் தள்ளிப்போயின. மூன்று நான்கு ஞாயிறு சும்மா வீட்டில் இருந்தேன். அப்போதும் போகவில்லை. அன்றைக்குத்தான் பிடிபட்டது, ஓடர் வெறும் மூடி, சட்டிக்குள் இருப்பது வேறு. சபையில் ஒரு குடும்பம் மகளின் கலியாணச் சாப்பாட்டில் பாதிக் காசு எனக்குத் தரவில்லை. அவர்களுக்குப் பக்கத்தில் முழந்தாளிட மனசு வரவில்லை, விஷயம் அவ்வளவுதான். நீங்களும் உங்கள் சாட்டைக் கண்டுபிடித்த பிறகு அதைத் தூக்கி அடியில் பாருங்கள். ஒரு பெயரோ ஒரு வெட்கமோ கிடக்கும். அதை உள்ளபடி ஜெபத்தில் சொல்லுங்கள். "ஆண்டவரே, அந்த மனுசனுக்குப் பக்கத்தில இருக்க எனக்கு விருப்பமில்லை" என்பதும் ஜெபம்தான்.

பதில் சொல்லும் விதத்தில் பெரிய தீர்மானம் ஒன்றும் வேண்டாம். 'இனி ஒரு ஞாயிறும் விடமாட்டேன்' என்று கொப்பியில் எழுதினால் அந்த எழுத்தோடு முடிந்துவிடும். அடுத்த ஒரு நாள், ஒரு நேரம், ஒரு இடம் போதும். அதைத் தடுக்கக்கூடிய ஒரு வேலையை முன்கூட்டியே விலக்குங்கள். நான் செய்தது இதுதான். முதல் ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டு ஓடர் எடுக்கவில்லை. இரண்டு வாடிக்கையாளர்கள் கைவிட்டுப் போனார்கள். நட்டம்தான், மறைக்கவில்லை. பாக்கிக் காசும் இன்னும் முழுதாக வரவில்லை.

நான் ஒழுங்காகிவிட்டு வருகிறேன் என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. லூக்காவில் தெருவிலிருந்து நேராகக் கூட்டிவருகிறார்கள், குளிக்க நேரம் கொடுக்கவில்லை. இதைப் போன்ற மத்தேயு 22-ஆம் அதிகாரத்து ராஜாவின் கலியாண விருந்து உவமையில் கலியாண வஸ்திரம் இல்லாதவன் வெளியே போகிறானே என்பீர்கள். போகிறான்தான். ஆனால் வாசலில் அவனை யாரும் மறிக்கவில்லை. நல்லவர் பொல்லாதவர் எல்லாரையும் கூட்டிவந்து உட்கார வைத்த பிறகுதான் ராஜா பார்க்க வருகிறார். "சிநேகிதனே" என்று கூப்பிட்டுக் கேட்டும் அவன் பேசாமல் இருக்கிறான். உள்ளே வந்தும் எனக்கும் இந்தக் கலியாணத்துக்கும் சம்பந்தமில்லை என்று இருக்கிறவன் அவன் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கடைசிப் பகுதியைப் பலர் விட்டுவிடுவார்கள். எசமான் மூன்று விதமாகப் பேசுகிறார். முதல் ஆட்களுக்கு "வாருங்கள்". தெருவில் இருக்கிற ஏழைகளுக்கும் ஊனருக்கும் "கூட்டிக்கொண்டுவா". வேலிகளருகில் இருக்கிறவர்களுக்கு "வருந்திக் கூட்டிக்கொண்டுவா". இந்த 'வருந்தி'யைப் பிடித்துக்கொண்டு மேற்கில் பழைய காலத்து ஆயர் அகுஸ்தீனார், தொனாத்தியர் என்ற பிரிந்துபோன கிறிஸ்தவருக்கு எதிரான கட்டாயத்தை நியாயப்படுத்தினார். இங்கே ஒல்லாந்தர் காலத்தில் உத்தியோகம் வேண்டுமென்றால் அவர்கள் சபையில் ஞானஸ்நானம் எடுக்க வேண்டியிருந்தது. கொழும்பில் 1757-இல் திறந்த வுல்பெண்டால் தேவாலயம் அந்தக் காலத்துக் கட்டடம்தான். எனக்கு விளங்குகிற வருந்துதல் அதுவல்ல. வேலியருகில் நிற்கிறவனுக்கு 'எங்களையா?' என்ற கூச்சம் இருக்கும். வேண்டாம் வேண்டாம் என்கிறவரின் தட்டில் அம்மா இன்னொரு கரண்டி சோறு போடுவாரே, அந்த வருந்துதல். அதனால் இதைக் கோயிலுக்கு ஆள் சேர்க்கும் வேலையாக எடுக்காதீர்கள். உங்கள் வீட்டு மேசையில் தொடங்குங்கள்.

காலி வீதியில் பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் ஊன்றுகோலோடு லொத்தர் சீட்டு விற்கிற ஒருவர் இருக்கிறார். அவர் என்ன சமயம் என்று நான் கேட்டதில்லை. ஞாயிறு மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட வரச் சொன்னேன். சிரித்துவிட்டு ஒரு சீட்டை நீட்டினார். அடுத்த மாதமும் சொன்னேன், வியாபார நேரம் என்றார். மூன்றாம் மாதம் ஓட்டோவைக் கொண்டுபோய் அவருக்கு முன்னால் நிறுத்தி, "அண்ணை, எல்லாம் சமைச்சாச்சு, ஏறுங்கோ" என்றேன். சீட்டுப் பலகையை மடித்துக்கொண்டே, "மரக்கறியோ, மச்சமோ?" என்று கேட்டார்.