திரையில் பாடம் நடத்தத் தொடங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம், புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியர் ஒருவர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தார். "மேடம், இதைப் பாருங்களேன். நான் போட்ட ஒன்பது வீடியோவையும் எல்லாப் பிள்ளைகளும் முழுசாப் பார்த்திருக்காங்க!" ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் பச்சைப் புள்ளி. அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதே பச்சைப் புள்ளிகளை நம்பித்தான் நான் ஒரு வகுப்பின் முழு ஆண்டையும் வீணாக்கினேன்.

இரவெல்லாம் போன் பார்த்தால் தூக்கம் கெடும், பாட நேரத்தில் நோட்டிஃபிகேஷனை அணைத்து வைக்க வேண்டும் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். நல்ல எண்ணத்தோடு, ராத்திரி கண்விழித்து உழைத்து, அப்படியும் செய்துவிடுகிற தவறுகளைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும்" என்று நம்புவது

கணினியோடு வளர்ந்த தலைமுறையை 'டிஜிட்டல் பூர்வகுடிகள்' என்று கல்வி பற்றி எழுதும் மார்க் பிரென்ஸ்கி 2001-இல் எழுதினார். ஆசிரியர்களிடையே அந்தப் பெயர் வேகமாகப் பரவியது. பிள்ளைகளுக்கு இதெல்லாம் இயல்பாகவே கைவரும், நாம் ஒதுங்கி நின்றால் போதும் என்று நானும் நினைத்தேன். பால் கிர்ஷ்னரும் பெட்ரோ டி ப்ரூய்க்கரும் 2017-இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். அப்படியொரு தனித்திறன் கொண்ட தலைமுறை இருப்பதற்குச் சான்று இல்லை, ஒரே நேரத்தில் பல வேலைகளில் கவனம் வைக்கும் ஆற்றலும் அவர்களுக்குக் கூடுதலாக இல்லை என்றார்கள்.

என் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். அரை மணி நேரத்தில் ஒரு வீடியோவை வெட்டி, ஒட்டி, பின்னணி இசை சேர்த்து முடித்துவிடுவாள். அவளிடம் மின்கலங்களைப் பற்றி ஒரு கட்டுரை கேட்டேன். கூகுளில் முதலில் வந்த பக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டு வந்தாள். அது பேட்டரி விற்கும் ஒரு கம்பெனியின் விளம்பரம். "முதல்ல வந்துச்சே மிஸ்" என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது, யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க் குழுவினர் 2016-இல் வெளியிட்ட ஆய்விலும், 'விளம்பரதாரர் வழங்குவது' என்ற குறிப்போடு இருந்த பக்கத்தை நடுநிலைப் பள்ளி மாணவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் செய்தி என்றே எடுத்துக்கொண்டார்கள்.

அதே குழு, செய்திகளைச் சரிபார்ப்பதைத் தொழிலாகக் கொண்டவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்றும் கவனித்தது. அவர்கள் புதிய தளம் ஒன்றைத் திறந்தால் அதற்குள் மூழ்குவதில்லை. உடனே வேறு டேப் திறந்து, இதை நடத்துவது யார், மற்றவர்கள் இவர்களைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று தேடுகிறார்கள். இந்தப் பழக்கத்தை ஒரே பாடவேளையில் செய்து காட்டிவிடலாம். நான் ஆண்டின் முதல் வாரத்திலேயே செய்துவிடுகிறேன்.

பார்த்து முடித்ததைப் படித்து முடித்ததாக எண்ணுவது

இதுதான் எனக்கு இன்னும் ஆறாதது.

அந்த ஆண்டு மின்னியல் பாடம் முழுவதையும் 41 வீடியோக்களாக எடுத்தேன். படம் வரைந்து, குரல் கொடுத்து, தவறு வந்தால் திரும்பப் பதிவு செய்து, விடுமுறை நாட்கள் எல்லாம் அதிலேயே போயின. வகுப்பில் 34 பேர். வீட்டில் பார்த்துவிட்டு வரச் சொன்னேன், பார்த்துவிட்டு வந்தார்கள். "புரிஞ்சுதா?" என்றால் "புரிஞ்சுது மிஸ்" என்று ஒரே குரலில் பதில் வரும். சரி என்று அடுத்த பாடத்துக்குப் போவேன். ஆறு மாதம் இப்படியே ஓடியது.

அரையாண்டுத் தேர்வில் எளிய கேள்வி ஒன்று கேட்டிருந்தேன். இரண்டு பல்புகள் பக்க இணைப்பில் எரிகின்றன, ஒன்று பியூஸ் போனால் மற்றொன்று என்ன ஆகும்? இதே சுற்றை ஒரு வீடியோவில் அம்புக்குறி போட்டு விளக்கியிருந்தேன். இருந்தும் பாதிப் பேருக்கு மேல், மற்றது அதிக வெளிச்சமாக எரியும் என்று எழுதினார்கள். சிலர் அதுவும் அணைந்துவிடும் என்றார்கள். அது முன்பு எரிந்தபடியே எரியும் என்று எழுதியவர்கள் மிகச் சிலர்.

விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்த அன்று ஒரு பெண் என் மேசைக்கு வந்தாள். ஒவ்வொரு வீடியோவையும் இரண்டு முறை பார்த்தவள். "மிஸ், பார்க்கும்போது எல்லாமே புரிஞ்சுது. பேப்பரைக் கையில வாங்கினதும் ஒண்ணுமே வரல. எனக்கு இயற்பியல் வராது போல." அடுத்த ஆண்டு அவள் வேறு பிரிவுக்குப் போய்விட்டாள். அவளுக்கு இயற்பியல் வராமல் இல்லை. நான் அவளை ஒரு தடவைகூட யோசிக்க வைக்கவில்லை.

தெளிவான விளக்கத்தைக் கேட்கும்போது அந்தத் தெளிவு நம்முடையது போலவே தோன்றும். 2018-இல் மைக்கேல் கார்டாஸ், எட் ஓ'பிரையன் இருவரும் செய்த சோதனைகளில், டார்ட் எறிவது, மூன்வாக் ஆடுவது போன்றவற்றின் வீடியோவைச் சிலருக்கு 20 முறையும் சிலருக்கு ஒரே முறையும் காட்டினார்கள். 20 முறை பார்த்தவர்களுக்குத் தன்னால் முடியும் என்ற நம்பிக்கை அதிகமாயிற்று. செய்யச் சொன்னபோது, ஒரு முறை பார்த்தவர்களைவிட அவர்கள் எந்த விதத்திலும் நன்றாகச் செய்யவில்லை. என் மாணவி இரண்டு முறை பார்த்ததும் இப்படித்தான்.

அப்புறம், ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் 2006-இல் செய்த ஆய்வு. ஒரே பாடப்பகுதியை ஒரு குழு நான்கு வேளையும் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு முதல் வேளை மட்டும் படித்துவிட்டு, மற்ற மூன்று வேளையும் தாளை மூடி வைத்து நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்தவர்களுக்கு 83 சதவீதம் நினைவிருந்தது, எழுதியவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் படித்தவர்கள் 40-க்கு இறங்கிவிட்டார்கள், எழுதியவர்கள் 61-இல் இருந்தார்கள். ஆனால் தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்கள், திரும்பத் திரும்பப் படித்தவர்களே. அதனால் "புரிஞ்சுதா?" என்ற கேள்வியையே நான் விட்டுவிட்டேன். அதற்குப் பிள்ளைகள் பொய் சொல்வதில்லை, அவர்களுக்கே தெரிவதில்லை.

இப்போது செய்வது இதுதான். வீடியோவில் விடை வருவதற்கு முன்பே நிறுத்துகிறேன். "பியூஸ் போனால் என்ன ஆகும்? நோட்டில் எழுது, ஏன் என்றும் எழுது." எழுதிய பிறகுதான் மீதி. தவறாக எழுதினால் இன்னும் நல்லது, விடை வரும்போது அவர்களுக்குத் தூக்கிவாரிப் போடும், அது மறக்காது. மறுநாள் வகுப்பு தொடங்கும்போது நோட்டை மூடிவைத்து மூன்று கேள்விகள். மதிப்பெண் கிடையாது. அதில் ஒன்றை ஒரு வாரம் கழித்து மாற்றிக் கேட்கிறேன். பச்சைப் புள்ளிகள் இருக்கும் பக்கத்தை நான் திறப்பதே இல்லை.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இப்படி நடத்தினால் பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். "நீங்களே சொல்லிட்டீங்கன்னா நல்லா இருக்கும் மிஸ்" என்பார்கள். 2019-இல் ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் வகுப்புகளில் நடந்த ஆய்விலும் இதுவே தெரிந்தது. தாங்களே கணக்கோடு மல்லாடிய மாணவர்கள் தேர்வில் அதிகம் எடுத்தார்கள், ஆனால் சரளமான விரிவுரையைக் கேட்டவர்கள்தான் அதிகம் கற்றதாக உணர்ந்தார்கள். புதியவர்கள் பலர் இந்த முணுமுணுப்பில்தான் மனம் தளர்ந்து பழைய வழிக்கே திரும்புகிறார்கள். திரும்பாதீர்கள், ஒரு மாதம் பொறுங்கள்.

அரை மணி நேர வீடியோ எடுப்பது

இணையப் பாடங்களை நடத்தும் எட்எக்ஸ் தளத்தில் 69 லட்சம் பார்வைகளை ஆராய்ந்தவர்கள் 2014-இல் சொன்னது: வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், பார்ப்பவர்கள் பொதுவாக ஆறு நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லை.

பின்னணி இசை, துள்ளும் எழுத்து

வேண்டாம்.

வீடியோவை வேகமாக ஓட்டுகிறார்கள் என்று திட்டுவது

நானும் திட்டியிருக்கிறேன். இரட்டை வேகம் வரை புரிதல் பெரிதாகக் குறைவதில்லை என்று 2021-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. ஓட்டட்டும்.

கருவி வாங்கிக் கொடுத்தால் போதும் என்பது

பெரு நாடு பள்ளிப் பிள்ளைகளுக்கு லட்சக்கணக்கில் லேப்டாப் கொடுத்தது. 2012-இல் வெளியான மதிப்பீட்டில், கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் உயர்ந்ததற்கு அடையாளம் இல்லை.

விடையைக் கொடுக்கும் ஏஐ-யிடம் வீட்டுப்பாடத்தை விடுவது

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, பார்த்ததைப் படித்ததாக எண்ணும் அந்தப் பெரிய தவறே வேறு உருவத்தில் திரும்பி வந்திருக்கிறது. துருக்கியில் ஒரு பள்ளியில் ஏறக்குறைய ஆயிரம் மாணவர்களிடம் கணிதப் பாடத்தில் இதைச் சோதித்தார்கள். சாதாரண ஏஐ-யை வைத்துக்கொண்டு பயிற்சி செய்தவர்கள், பயிற்சியின்போது 48 சதவீதம் கூடுதலாகச் சரியாகச் செய்தார்கள். பிறகு அதை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தால், ஏஐ-யைத் தொடாதவர்களைவிட 17 சதவீதம் குறைவாக எடுத்தார்கள். விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி மாற்றியமைத்த ஏஐ-யைப் பயன்படுத்தியவர்களுக்கு இந்தப் பாதிப்பு பெரும்பாலும் இல்லை.

அதனால் நான் ஏஐ-யைத் தடுப்பதில்லை. முதலில் நீயே முயன்று, எங்கே முட்டி நிற்கிறாய் என்று எழுது, அந்த இடத்துக்கு மட்டும் குறிப்புக் கேள் என்கிறேன். முட்டி நின்ற அந்த வரியைத்தான் நோட்டில் தேடிப் படிக்கிறேன், விடையை இரண்டாவதாகத்தான் பார்க்கிறேன்.

அவர்கள் தாமாகக் கற்பதைக் கவனிக்காமல் விடுவது

இளையோர் டிஜிட்டல் ஊடகங்களில் என்னதான் செய்கிறார்கள் என்று மிசுகோ இட்டோ குழுவினர் அமெரிக்காவில் மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2008-இல் அறிக்கை வெளியிட்டார்கள். அவர்கள் மூன்று நிலைகளைக் கண்டார்கள்: நண்பர்களோடு சும்மா பேசிக்கொண்டிருப்பது, ஒன்றை நோண்டிப் பார்ப்பது, ஒன்றிலேயே முழுகிப் போவது. பெரியவர்கள் கண்ணில் மூன்றும் ஒன்றுதான், "எப்பப் பார்த்தாலும் போன்." ஆனால் நோண்டத் தொடங்குகிற அந்த இரண்டாவது நிலையில் ஒருவர் பக்கத்தில் வந்து "இது எப்படிச் செய்தாய்?" என்று கேட்பது பெரிய விஷயம்.

என் வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன், பிள்ளைகள் நிரல் எழுதிப் பழகும் ஸ்கிராட்ச் தளத்தில் விளையாட்டுகள் செய்கிறான் என்பது ஆண்டுக் கடைசியில் தற்செயலாகத்தான் எனக்குத் தெரிந்தது. பந்து மேலே போய்க் கீழே விழ வேண்டும். எப்படிச் செய்தாய் என்று கேட்டேன். "ஒவ்வொரு தடவையும் வேகத்துல ஒண்ணு குறைச்சுக்கிட்டே வரணும் மிஸ். வேகத்தை அப்படியே விட்டா பந்து திரும்பவே திரும்பாது, மேலேயே போயிடும்." முடுக்கம் என்றால் என்ன என்று கேட்டதற்கு, தேர்வில் இதே பையன் ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தான். அவன் சொன்ன அந்த வேக மாற்றம்தான் முடுக்கம்.

இப்போது ஆண்டின் தொடக்கத்தில் ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேட்கிறேன்: யாரும் சொல்லாமல், நீயாக எதைச் செய்து பார்த்துக்கொண்டிருக்கிறாய்? பதிலை வருகைப் பதிவேட்டில் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதி வைக்கிறேன். முடுக்கம் வரும்போது யாரைக் கூப்பிட வேண்டும் என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறேன்.