திருகோணமலைக் கடற்போர் உருவங்களைத் திருத்திய விதம்: என் அனுபவம்
1782 செப்டம்பர் 3ஆம் திகதி திருகோணமலைக்கு வெளியே நடந்த பிரிட்டிஷ்-பிரெஞ்சுக் கடற்போரை ஹட்டனில் என் வீட்டு மேசையில் சிறு உருவங்களாக அமைக்கிறேன். பெட்டியில் வந்த பிரிட்டிஷ் அதிகாரிகளின் தோளில் தங்கக் குஞ்சப் பட்டை. அது அவர்கள் சீருடையில் சேர்ந்ததே 1795இல்தான்! பிளேடால் மெல்லச் சீவி, சாண்ட் பேப்பரால் தேய்த்து, நீலம் பூசினேன். பிரிட்டிஷ் கொடியில் மூலைக்கு மூலை ஓடும் சிவப்புப் பட்டை 1801இல் வந்தது. அதை வெள்ளையால் மூடினேன்.

பிரிட்டிஷ் மாலுமிகளுக்கு 1857 வரை அதிகாரபூர்வச் சீருடையே கிடையாது. அதனால் ஒருவருக்குக் கோடு போட்ட காற்சட்டை, அடுத்தவருக்குக் கட்டம் போட்ட சட்டை. எனக்கு ரொம்பப் பிடித்த வேலை இதுதான்.

அப்புறம் வார்னிஷ். மூடுபனி நேரத்தில் ஸ்பிரே அடித்தால் வெளுத்துப்போகும்; வெயில் ஏறியபின் தூரிகையால் பூசுங்கள்.