மூக்கு ஒவ்வாமை ஆய்வில் சேர அழைத்தால்: கையெழுத்துக்கு முன்னும் பின்னும்

வேலூர்ப் பக்கத்தில் விடிந்ததும் அடுக்கடுக்காகத் தும்முகிறவரைக் கேட்டால் "சைனஸ்" என்பார், அல்லது "டஸ்ட் அலர்ஜி" என்பார். கடையில் ஓர் அவில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு அரைத் தூக்கத்தோடு வேலைக்குப் போவார். இத்தகையோரில் சிலரைப் பெரிய மருத்துவமனைகளில், ஒரு சிகிச்சையைச் சோதிக்கும் ஆய்வில் சேர விருப்பமா என்று கேட்பதுண்டு. குடியாத்தத்தில் தறி வைத்திருக்கும் என் மைத்துனர் அப்படிச் சேர்ந்தபோது முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை நான் உடன் சென்றேன். அந்த அனுபவத்தைக் கொண்டு, சேரவிருப்பவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

மருத்துவரிடம் போகுமுன் உங்கள் தொல்லையை நாட்கணக்கில் சொல்லத் தெரிந்துகொள்ளுங்கள். வாரத்தில் நான்கு நாட்களுக்குக் குறையாமலும், தொடர்ந்து நான்கு வாரங்களுக்குக் குறையாமலும் இருந்தால் அதை நீடித்த வகை என்றும், அதற்குக் குறைந்தால் விட்டுவிட்டு வரும் வகை என்றும் பிரிக்கிறார்கள். இது 2001இல் வெளியான, மூக்கு ஒவ்வாமைக்கும் ஆஸ்துமாவுக்குமான அரியா (ARIA) எனப்படும் பன்னாட்டு வழிகாட்டி நெறிகளிலிருந்து வந்த பிரிவு. தூக்கம், வேலை, படிப்பு ஆகியவற்றில் ஒன்று கெட்டாலும் அது லேசான நோயாகக் கருதப்படாது. ஆகவே "எப்போதும் சளிதான் டாக்டர்" என்று சொல்வதைவிட, "இரண்டு மாதமாக வாரத்தில் ஐந்து நாள், இரவில் வாயால்தான் மூச்சு விடுகிறேன்" என்று சொல்வது பயன்படும்.

கையெழுத்திடும் நாளில் அவசரம் வேண்டாம். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேளுங்கள். வீட்டுக்கு எடுத்துச் சென்று படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லத் தயங்காதீர்கள். அதில் தொழில், ஆண்டு வருமானம், வாரிசாக நியமிக்கப்படுபவர் பெயர் ஆகியவற்றைக் கேட்டிருப்பதைக் கண்டு என் மைத்துனரின் தாயார் அஞ்சிவிட்டார். ஆய்வினால் தீங்கு நேர்ந்தால் இழப்பீடு வழங்குவதற்காகவே அந்த விவரங்கள் கேட்கப்படுகின்றன. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகளின்படி, ஆய்வின்போது உடல்நலக் கேடு நேர்ந்தால் இலவசச் சிகிச்சை தரப்பட வேண்டும். எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் விலகலாம். விலகியதற்காக உங்கள் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது. கையெழுத்திட்ட படிவத்தின் நகல் உங்களுக்கு உரியது. ஆய்வின் பதிவு எண்ணையும் கேளுங்கள். இந்தியாவில் 2009 ஜூன் முதல் மருந்துச் சோதனைகளைத் தொடங்குமுன்பே சிடிஆர்ஐ என்னும் பதிவேட்டில் பதிவு செய்வது கட்டாயம். அந்த எண்ணை இணையத்தில் இட்டால் யார் நடத்துகிறார்கள், எதை அளக்கிறார்கள் என்பதை எவரும் பார்க்கலாம். இந்த எண்ணைத் தரத் தயங்குகிற இடத்தில் நான் கையெழுத்திடச் சொல்லமாட்டேன்.

அடுத்தது தோல் குத்துப் பரிசோதனை. முன்கையில் தூசிப்பூச்சி, மகரந்தம் முதலியவற்றின் சாறுகளைத் துளித்துளியாக வைத்து, ஊசி நுனியால் மெல்லக் குத்தி, பதினைந்து இருபது நிமிடங்களில் எழும் தடிப்பை அளப்பார்கள். வெறும் உப்புநீர் வைத்த இடத்தைவிட 3 மில்லிமீட்டராவது பெரிதாக இருந்தால் அந்தப் பொருளுக்கு உடல் எதிர்வினை காட்டுகிறது என்று கொள்வார்கள். அவில், செட்ரிசின் போன்றவற்றை மருத்துவர் சொல்லும் நாளிலிருந்து, பொதுவாக ஒரு வாரம் முன்பாக, நிறுத்தியிருக்க வேண்டும். ஜலதோஷ மாத்திரையிலும் இருமல் மருந்திலும் இதே வகை மருந்து கலந்திருக்கும் என்பதால் அவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். தடிப்பு எழுந்துவிட்டது என்பதாலேயே அதுதான் நோய்க்குக் காரணம் என்று ஆகிவிடாது. பாலாற்று ஓரத்துச் சீமைக்கருவேல மகரந்தத்துக்குத் தடிப்பு வந்தும், அதன் அருகே நின்று ஒரு தும்மலும் வராதவர்கள் இருக்கிறார்கள்.

இனி, நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் நாட்குறிப்புக்கு வருகிறேன். மூக்கொழுகல், மூக்கடைப்பு, தும்மல், நமைச்சல் ஆகிய நான்குக்கும் காலையிலும் மாலையிலும் 0 முதல் 3 வரை எண் இட வேண்டும். இல்லவே இல்லை என்றால் 0, இருக்கிறது ஆனால் பொருட்படுத்தவில்லை என்றால் 1, தொல்லைதான் ஆனால் பொறுத்துக்கொள்ளலாம் என்றால் 2, வேலையையோ தூக்கத்தையோ கெடுத்தால் 3. ஒரு வேளைக்கு மொத்தம் அதிகபட்சம் 12. மருந்து நல்லதா இல்லையா என்ற தீர்ப்பு பெரும்பாலும் இந்தச் சிறு எண்களின் மீதே நிற்கிறது. மூக்குக்குள் நடப்பதை உங்களைத் தவிர வேறு யாரும் உணர முடியாது. 1873இல் மான்செஸ்டர் மருத்துவர் சார்லஸ் பிளாக்லி, ஒட்டும் கண்ணாடித் தகடுகளில் படிந்த மகரந்தத்தை எண்ணித் தம் தும்மலோடு ஒப்பிட்டு எழுதி வைத்ததால்தான் வைக்கோல் காய்ச்சல் என்று அழைக்கப்பட்ட பருவகால மூக்கு ஒவ்வாமைக்கு மகரந்தமே காரணம் என்பது நிலைபெற்றது.

ஆய்வில் சேர்வதற்குக் குறிப்பிட்ட மதிப்பெண் தேவை என்று அறிந்து, தொடக்கத்தில் கூட்டி எழுதுகிறவர்கள் உண்டு. பிறகு உண்மையை எழுதும்போது எண் தானாகக் குறையும். அப்போது, ஒப்பிடுவதற்காக ஒரு பிரிவினருக்குத் தரப்படும் மருந்துச் சத்தே இல்லாத மாத்திரையும் வேலை செய்ததுபோலத் தோன்றும். என் மைத்துனர் ஒருமுறை ஆறு நாள் கணக்கைப் பேருந்தில் அமர்ந்து ஒரே மூச்சில் நிரப்பினார். விட்டுப்போன நாளை வெற்றாக விட்டு, அதைச் சொல்லிவிடுவதே சரி என்று செவிலியர் பொறுமையாக விளக்கினார். அதன்பின் ஏடு தலையணைக்கு அருகில் வந்தது, முகம் கழுவுமுன் காலை எண் எழுதப்பட்டது.

ஓரத்தில் அன்றைய நிகழ்வையும் எழுதுங்கள்: பொங்கலுக்கு ஒட்டடை அடித்தது, போகிப் புகை, தறியில் பறந்த நூல்தூசி, பீடிக்கட்டுக்கு அருகில் இருந்தது, ஆம்பூர்த் தோல் தொழிற்சாலையில் தேய்க்கும் பிரிவில் நின்றது. புகை மூக்கை எரிச்சலூட்டுமே தவிர அது ஒவ்வாமை அல்ல. இரண்டையும் பிரித்தறிய அந்த ஓரக்குறிப்புதான் மருத்துவருக்கு உதவும். அனுமதிக்கப்பட்ட துணை மருந்தை எடுத்த நாளையும் குறியுங்கள். அடைப்பு நீக்கும் சொட்டு மருந்தைக் கேட்காமல் போடாதீர்கள். சில நாட்களுக்கு மேல் போட்டால் அதுவே அடைப்பை வளர்க்கும்.

ஸ்ப்ரே கொடுத்தால் தலையைச் சற்றுக் குனிந்து, வலது மூக்குக்கு இடது கையும் இடது மூக்குக்கு வலது கையுமாகப் பிடித்து, இரு துளைகளுக்கும் இடையிலுள்ள நடுத்தண்டிலிருந்து விலகி வெளிப்பக்கமாக அடியுங்கள். நடுத்தண்டில் படுவதால்தான் பலருக்கு இரத்தம் கசிகிறது. ஸ்டீராய்டு ஸ்ப்ரேயின் முழுப் பலன் தெரிய இரண்டு வாரம் வரை ஆகலாம் என்பதால் மூன்றாம் நாளே கைவிட வேண்டாம்.

கடைசி வருகையின்போது, மருந்து பெற்ற பிரிவில் இருந்தீர்களா, மருந்துச் சத்தில்லாததைப் பெற்ற பிரிவில் இருந்தீர்களா என்பதை எப்போது சொல்வார்கள், முடிவுகள் எங்கே வெளியாகும், இனி எந்த மருந்தைத் தொடர வேண்டும் என்ற மூன்றையும் கேட்டு, பதில்களைப் படிவ நகலின் பின்புறத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.