சென்னையிலிருந்து டொரோண்டோ: பயண நேரத்தைக் கணக்கிடும் முறை

சென்னை மீனம்பாக்கத்துக்கும் டொரோண்டோ பியர்சன் விமான நிலையத்துக்கும் இடையிலான மிகக் குறுகிய வான்வழித் தூரம் ஏறத்தாழ 13,400 கிலோமீட்டர் ஆகும். அந்த வழி மத்திய ஆசியா, ரஷ்யா, கிரீன்லாந்து ஆகியவற்றின் மேலாக வடக்கே வளைந்து செல்கிறது. ஆயினும் இவ்விரு நகரங்களுக்கிடையே நேரடி விமானம் இல்லாததால், பயணச்சீட்டு எடுக்கும்போது அந்த எண்ணால் பெரிய பயன் இல்லை. லண்டன் வழியாக வந்தால் சுமார் 13,950 கிலோமீட்டர், துபாய் வழியாக வந்தால் சுமார் 14,000 கிலோமீட்டர். எந்த வழியில் வந்தாலும் பறக்கும் நேரம் மட்டும் 18 அல்லது 19 மணி நேரம் ஆகிவிடும். எனவே கிலோமீட்டரைப் பார்க்காமல், இடையில் எங்கே, எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதைப் பார்த்தே சீட்டு எடுக்க வேண்டும்.

புதிதாகக் குடியேறுவோர் இதில் ஒன்றை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். கனடாவில் முதலில் இறங்கும் விமான நிலையத்திலேயே குடிவரவுச் சோதனை நடக்கும். நிரந்தர வதிவிட ஆவணத்தையோ மாணவர் அனுமதியையோ உறுதிசெய்யும் வரிசை சில நாள்களில் மிக நீளமாக இருக்கும் என்பதால், மொன்றியாலில் இறங்கி ஒன்றரை மணி நேரத்தில் டொரோண்டோ விமானத்தைப் பிடிக்கலாம் என்று காட்டும் மலிவான சீட்டை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. இரண்டு விமானங்களுக்கும் தனித்தனியாகச் சீட்டு எடுப்பதும் வேண்டாம். முதல் விமானம் தாமதமானால் அடுத்ததற்குப் பொறுப்பேற்க எவரும் இருக்க மாட்டார்கள்.

சீட்டில் அச்சாகும் நேரங்கள் அனைத்தும் அந்தந்த ஊரின் நேரங்களே. டொரோண்டோ குளிர்காலத்தில் இந்திய நேரத்துக்குப் பத்தரை மணி நேரமும், மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை ஒன்பதரை மணி நேரமும் பின்தங்கியிருக்கும். ஜனவரியில் சென்னையிலிருந்து அதிகாலை 4 மணிக்குப் புறப்பட்டு மொத்தம் 22 மணி நேரம் பயணம் செய்பவர், அதே தேதியில் பிற்பகல் 3.30 மணிக்கு டொரோண்டோவில் இறங்குவார். மறுநாள்தான் வருவார் என்று எண்ணி, அழைத்துப்போக வேண்டிய உறவினர் வீட்டிலேயே இருந்துவிடுவதும் உண்டு. சென்னையிலும் இதே குழப்பம் நேரும்: செவ்வாய் அதிகாலை விமானத்துக்குத் திங்கள் இரவே மீனம்பாக்கம் போய்ச் சேர வேண்டும்.

உயர் வானில் வீசும் வேகக் காற்று கிழக்கு நோக்கி அடிப்பதால், ஊருக்குத் திரும்பும் பயணத்தில், குறிப்பாக அட்லாண்டிக்கைக் கடக்கும்போது, பறக்கும் நேரம் சற்றுக் குறையும்.

பிற்பகல் 3.30 மணிக்கு இறங்கியவர் குடிவரவு, பெட்டிகள், சுங்கம் எல்லாம் முடித்து வெளியே வரும்போது மாலை நெரிசல் தொடங்கியிருக்கும். பியர்சன் நகரின் மேற்குப் புறத்திலும், நம்மவர்கள் மிகுதியாக வாழும் ஸ்கார்பரோ கிழக்குப் புறத்திலும் இருப்பதால், 401 நெடுஞ்சாலையில் அந்த நேரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேலாகவே ஆகலாம். நகர மையத்துக்குச் செல்பவர்கள் முதலாம் முனையத்திலிருந்து புறப்படும் யூபி எக்ஸ்பிரஸ் ரயிலில் ஏறினால் 25 நிமிடங்களில் யூனியன் நிலையத்தை அடைந்துவிடலாம். மூன்றாம் முனையத்தில் இறங்கியவர்கள் முனையங்களை இணைக்கும் இலவச ரயிலில் முதலாம் முனையத்துக்கு வந்து அதில் ஏற வேண்டும்.