ஊருக்கு மேலால் 220 கிலோவோல்ட் மின்வழி: மக்களிடம் கருத்துக் கேட்பது எப்படி? (புதியவர்களுக்கான செய்முறை)

இலங்கையில் சுற்றாடல் மதிப்பீட்டுக் குழுவொன்றில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பல்கலைக்கழகத்தில் மண் மாதிரி எடுக்கவும் பறவை எண்ணவும் பழக்கியிருப்பார்கள். ஒரு ஊரில் கதிரை போட்டு இருந்து, "உங்கட வளவுக்கு மேலால் மின்கம்பி போகப் போகுது" என்று சொல்ல யாரும் பழக்கியிருக்க மாட்டார்கள்.

உதாரணத்துக்கு மன்னாரை எடுப்போம். தீவின் தென்கரையில் தம்பபவனிக் காற்றாலைகள் 30 நிற்கின்றன, மொத்தம் 103.5 மெகாவாட். அந்த மின்சாரம் நடுக்குடாவிலிருந்து 220 கிலோவோல்ட் வழியில் பெருநிலத்துக்குப் போகிறது. இடையில் வங்காலைச் சரணாலயம் இருக்கிறது, 2010 இலிருந்து அது சர்வதேச முக்கியத்துவமுள்ள ராம்சார் ஈரநிலம். இந்தப் பக்கத்தில் இன்னொரு வழி வரப்போகிறது, கருத்துக் கேட்கும் வேலை உங்கள் தலையில் விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

படி 1: திட்டம் எந்த அனுமதிப் பாதையில் போகிறது என்று பாருங்கள்

1993 ஜூன் 24 வர்த்தமானியின்படி, 10 கிலோமீற்றருக்கு மேல் நீளமும் 50 கிலோவோல்ட்டுக்கு மேல் அழுத்தமும் உள்ள மேல்நிலை மின்வழி விதிக்கப்பட்ட கருத்திட்டம். தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் அனுமதி இல்லாமல் அதைக் கட்ட முடியாது. அனுமதிக்கு இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று முழுமையான சுற்றாடல் தாக்க மதிப்பீடு. மற்றது சுருக்கமான ஆரம்ப சுற்றாடல் பரிசோதனை. எது வேண்டும் என்பதைக் கருத்திட்டத்தை அங்கீகரிக்கும் நிறுவனம் தீர்மானிக்கும். சரணாலயம் என்றால் வனஜீவராசிகள் திணைக்களமும், கரையோர வலயம் என்றால் கரையோரம் பேணல் திணைக்களமும் உள்ளே வரும்.

இந்த வித்தியாசத்தைப் பலர் வெறும் கடதாசி வேலையாக நினைக்கிறார்கள். முழு மதிப்பீடு என்றால் அறிக்கையை மக்கள் பார்வைக்கு வைத்து, வர்த்தமானியிலும் தமிழ், சிங்களம், ஆங்கிலப் பத்திரிகைகளிலும் அறிவித்து, 30 வேலை நாட்கள் எழுத்தில் கருத்துக் கேட்க வேண்டும். ஆரம்பப் பரிசோதனையில் அந்தக் கட்டாயம் இல்லை. 2000 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அந்த அறிக்கை பொது ஆவணம் மட்டுமே. போய்க் கேட்டால் காட்டுவார்கள், அவர்களாக அழைத்துக் கருத்துக் கேட்கமாட்டார்கள். மின்வழிகள் பலவும் இந்த இரண்டாவது பாதையில்தான் போகின்றன. அப்படிப் போகும்போது, நீங்கள் ஊரில் நடத்தும் கூட்டம்தான் மக்களுக்குக் கிடைக்கும் ஒரே கதவு. அதனால், கம்பி போகும் பாதை முடிவாகி முளைக்கட்டை அடித்த பிறகு கூட்டம் வைப்பதில் அர்த்தமில்லை. வரைபடத்தில் இரண்டு மூன்று மாற்றுப் பாதைகள் உயிரோடு இருக்கும்போதே போங்கள்.

பணம் தரும் வங்கிக்கும் அதற்கென்று விதிகள் உண்டு. ஆசிய அபிவிருத்தி வங்கி என்றால் 2009 ஆம் ஆண்டுப் பாதுகாப்புக் கொள்கையா, 2024 இல் அங்கீகரித்த புதிய சட்டகமா உங்கள் திட்டத்துக்குப் பொருந்துகிறது என்று கேட்டு வையுங்கள். இரண்டும் அர்த்தமுள்ள கலந்தாலோசனையைக் கேட்கின்றன, நாட்டுச் சட்டம் கேட்பதைவிடக் கூடுதலாகவே.

படி 2: யார் யார் என்று பட்டியல் போடுங்கள்

220 கிலோவோல்ட் வழிக்கு 35 மீற்றர் அகலத் தாழ்வாரம் (வழிக்கென்று ஒதுக்கும் நிலப்பட்டை) வேண்டும், கம்பியின் நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் 17.5 மீற்றர். 132 கிலோவோல்ட் என்றால் 27 மீற்றர். இந்தப் பட்டையை வரைபடத்தில் கீறி, அது தொடும் கிராம அலுவலர் பிரிவுகளை எழுதுங்கள். பிறகு விதானையாரிடம் போங்கள். அவரிடம் பெயர்கள் இருக்கும். ஆனால் அவருடைய பட்டியலோடு நின்றுவிட வேண்டாம், அதில் பதிவிலிருக்கும் ஆட்கள் மட்டும்தான் இருப்பார்கள்.

விடுபடுகிறவர்கள் எப்போதும் ஏறக்குறைய ஒரே ஆட்கள்தான். உறுதி ஒருவர் பெயரில் இருக்க, குத்தகைக்கு வயல் செய்கிறவர். உத்தரவுப் பத்திரக் காணியில் இருக்கிறவர். மழைக்காலத்தில் மாடு சாய்க்கிறவர். களப்பில் கூனி இறால் பிடிக்கிற பெண்கள், இவர்களுடைய பெயர் கடற்றொழிலாளர் சங்கத்தில்கூட இருக்காது. கரைவலை வாடிக்குப் பருவத்தில் மட்டும் வந்து போகிறவர்கள்.

விடுபடுகிற இன்னொரு பகுதியினர் ஊரிலேயே இல்லாதவர்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் பலர் இன்னும் புத்தளத்தில் இருக்கிறார்கள், காணி இங்கே. யுத்தத்தில் தமிழ்நாட்டு முகாம்களுக்குப் போனவர்களின் காணியும் இங்கே. வெளிநாட்டில் இருக்கிறவர்களைச் சொல்லத் தேவையில்லை. கதவு பூட்டிக் கிடக்கிறது என்பதற்காக 'உரிமையாளர் இல்லை' என்று எழுதிவிட்டு நகரக் கூடாது. பள்ளிவாசல் நிர்வாகம், பங்குத்தந்தை, ஊர்ச் சங்கங்களின் வாட்ஸ்அப் குழு, புத்தளத்தில் ஒரு தனிக் கூட்டம் என்று வழிகள் இருக்கின்றன. அந்தப் பயணத்துக்கான செலவைத் தொடக்கத்திலேயே வரவு செலவில் போடுங்கள், பிறகு கேட்டால் கிடைக்காது.

பறவைகள் பற்றிப் பேச இலங்கை களப் பறவையியல் குழு போன்றவர்களையும் பட்டியலில் சேருங்கள். கொழும்பில் ஒரு சந்திப்பு போதும்.

படி 3: கேட்பதற்கு முன் சொல்லுங்கள்

தமிழில் இரண்டு பக்கத் தாள் ஒன்று தயாரியுங்கள். கூட்டத்துக்கு ஒரு கிழமைக்கு முன்பாவது கைக்குப் போய்ச் சேர வேண்டும். ஆங்கில அறிக்கையின் சுருக்கத்தை மொழிபெயர்த்து வைத்தால் ஒருவரும் வாசிக்கமாட்டார்கள். மக்கள் கேட்கப் போவதை வைத்து எழுதுங்கள்: டவர் எங்கே வரும், கம்பிக்குக் கீழே வயல் செய்யலாமா, வீடு கட்டலாமா, எந்த மரம் போகும், காசு யார் தருவார்கள், எப்போது.

மரம் என்றால் பனை. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பொறியியலாளர்களுக்கு இது பிடிபடுவதில்லை. வேம்பு உயர்ந்துவிட்டால் கொப்பை வெட்டிவிடலாம், மரம் பிழைக்கும். பனைக்கு ஒரே குருத்துத்தான். அதைத் தறித்தால் மரம் செத்துவிடும். காய்க்கவே 12 ஆண்டுக்கு மேல் எடுக்கிற மரம் அது. ஆகவே "உயரம் குறைப்போம்" என்று தாளில் எழுதினால், அந்த வரியை வாசிக்கிற முதல் ஆளே சிரிப்பார். 1951 ஆம் ஆண்டு மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் பலா, ஈரப்பலாவோடு பெண் பனையும் இருக்கிறது, அனுமதி இல்லாமல் தறிக்க முடியாது. ஒவ்வொரு மாற்றுப் பாதையிலும் எத்தனை பனை போகும் என்ற எண்ணிக்கையைத் தாளில் போடுங்கள். எந்தப் பாதை நல்லது என்று ஊர் பேசத் தொடங்குவது அந்த எண்ணைப் பார்த்த பிறகுதான்.

அடுத்தது உடல்நலம். "கம்பிக்குக் கீழ இருந்தா கான்சர் வருமாமே தம்பி?" என்று நிச்சயம் ஒருவர் கேட்பார். "ஒன்றுமில்லை அம்மா" என்று மழுப்பாதீர்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள்: 50 ஹேர்ட்ஸ் காந்தப்புலத்துக்குப் பொதுமக்கள் விடயத்தில் 2010 ஆம் ஆண்டுச் சர்வதேச வழிகாட்டல் எல்லை 200 மைக்ரோடெஸ்லா. மின்கம்பிகளிலிருந்து வருவது போன்ற மிகத் தாழ்ந்த அதிர்வெண் காந்தப்புலத்தை 2002 இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் "புற்றுநோயை உண்டாக்கக்கூடும்" என்ற வகையில் வைத்தது. அதற்கான ஆதாரம் மட்டுப்பட்டது என்றும் சொன்னது. இரண்டையும் சேர்த்துச் சொல்லி, ஏற்கெனவே இருக்கும் வழியின் கீழே அளவியைக் கொண்டுபோய் மக்கள் முன்னாலேயே அளந்து காட்டுங்கள். மறைத்துவிட்டு, பிறகு ஒருவர் கைத்தொலைபேசியில் அந்த 2002 செய்தியைக் காட்டினால், அன்றைக்கு நீங்கள் சொன்ன மற்ற எதையும் யாரும் நம்பமாட்டார்கள்.

படி 4: கூட்டம்

நேரத்தை ஊர் தீர்மானிக்கட்டும். கடலுக்குப் போகிறவர்கள் காலையில் தூங்குவார்கள். வயல்காரருக்குக் காலபோக அறுவடை நேரத்தில் தலை நிமிர்த்த நேரமிருக்காது. கத்தோலிக்கப் பங்குகளில் ஞாயிறு பூசை முடிந்த பிறகு பேசலாம், வெள்ளிக்கிழமை மதியம் முஸ்லிம் ஊரில் கூட்டம் வைக்காதீர்கள். பிரதேச செயலகத்து மண்டபம் உங்களுக்கு வசதி. களப்புக்கரையில் இருக்கிற பெண்ணுக்கு அங்கே வந்து போக ஓட்டோக் காசும் ஒரு நாள் வேலையும் போகும்.

அதிகாரிகளை முன்வரிசையில் வரிசையாக இருத்திவிட்டுப் பேசச் சொன்னால் சங்கத் தலைவர் மட்டும் பேசுவார். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தோடு தனியாக ஒரு சந்திப்பு வையுங்கள். அங்கே வருகிற கேள்விகளே வேறு. டவர் கட்ட வெளியூர் ஆட்கள் எத்தனை பேர் வருவார்கள், எங்கே தங்குவார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற ஒழுங்கையால் லொறி வருமா என்று கேட்பார்கள்.

கையெழுத்துத் தாள் பற்றிக் கவனம். பலர் கையெழுத்து வைக்கத் தயங்குவார்கள், அதில் நியாயம் இருக்கிறது. வருகைக்குப் போட்ட கையெழுத்தைச் சம்மதமாகக் காட்டிவிடுவார்கள் என்ற பயம் அது. தாளின் தலையில் தடித்த எழுத்தில் "இது வருகைப் பதிவு மாத்திரமே, திட்டத்துக்கான சம்மதம் அல்ல" என்று அச்சிடுங்கள், வாசித்தும் காட்டுங்கள். கையெழுத்து வைக்காதவரின் கருத்தையும் பதியுங்கள். படம் எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள்.

"அபிவிருத்தி", "நாட்டுக்காக" என்ற சொற்களைத் தவிர்ப்பது நல்லது. ஊரில் பலருக்கு அந்தச் சொற்கள் வந்த நாட்கள் நல்ல நாட்களாக இருந்ததில்லை.

கேட்க வேண்டிய கேள்விகளில் பறவையை விடாதீர்கள். பூநாரைகள் இரவிலும் பறக்கும். வழியின் உச்சியில் போகிற மெல்லிய நிலக்கம்பிதான் கண்ணுக்குத் தெரியாமல் பறவைகளை அதிகம் மோதவைப்பது. எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்கு, எந்த மாதத்தில், இரவு எத்தனை மணிக்குப் பறவைக் கூட்டம் போகிறது என்று களப்பில் வலை போடுகிறவரைக் கேளுங்கள். இரண்டு நாள் தொலைநோக்கியோடு நின்ற ஆய்வாளருக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்திருக்கலாம். கம்பியைப் பறவைகளின் கண்ணுக்குக் காட்டுகிற பறவை விலக்கிகளை எந்த இடைவெளியில் மாட்டுவது, இரவில் தெரிகிற வகை வேண்டுமா என்பதெல்லாம் அந்தப் பதிலிலிருந்து தொடங்கும்.

படி 5: எழுதிவைப்பது

"மக்கள் திட்டத்துக்கு ஆதரவு தெரிவித்தனர்" என்ற வாக்கியத்தை அறிக்கையிலிருந்து எடுத்துவிடுங்கள். அதற்குப் பதில் நான்கு நிரல் அட்டவணை ஒன்று போதும்: என்ன சொன்னார்கள், எப்படிப்பட்ட ஆள் சொன்னார் (பெயர் வேண்டாம்), திட்டத் தரப்பின் பதில், வடிவமைப்பில் என்ன மாறியது. உதாரணமாக: "கோபுரம் வாய்க்கால் அணையில் வருகிறது, தண்ணீர் திருப்ப இடமில்லை" என்று கமக்காரர் அமைப்பு சொன்னது, கோபுரத்தைக் காணி எல்லைக்கு நகர்த்தலாம், வரைபடத்தில் திருத்தியாயிற்று. நான்காவது நிரல் முழுக்க "கவனத்தில் எடுக்கப்பட்டது" என்றே இருந்தால், கருத்துக் கேட்பு நடக்கவில்லை என்று அறிக்கையைப் பரிசீலிக்கும் குழு எடுத்துக்கொள்ளும். எடுத்துக்கொள்ளவும் வேண்டும். முடியாது என்றால் "முடியாது" என்று காரணத்தோடு எழுதுங்கள்.

படி 6: திரும்பிப் போங்கள்

வரைவு அறிக்கை தயாரானதும் அதே ஊருக்கு, அதே அட்டவணையோடு இரண்டாம் தரம் போங்கள். "நீங்கள் சொன்ன பன்னிரண்டில் ஐந்து மாறியிருக்கிறது, இவை மாறவில்லை, இதனால்" என்று வாசியுங்கள். சத்தம் வரும். வரட்டும்.

முழு மதிப்பீடு என்றால் 30 வேலை நாட்கள் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது, அறிக்கை எந்தெந்த அலுவலகத்தில் இருக்கிறது, கருத்தை யாருக்கு அனுப்புவது என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். நாலு வரித் தமிழ்க் கடிதமும் கருத்துத்தான். பக்க எண்ணைக் குறிப்பிட்டு, எந்தக் கோபுரம், எந்தக் காணி என்று எழுதினால் பதில் சொல்லாமல் தப்ப முடியாது. ஆரம்பப் பரிசோதனை என்றால், அறிக்கையைப் பார்க்கும் உரிமை இருக்கிறது என்பதையும், 2016 ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதைக் கேட்கலாம் என்பதையும் சொல்லிவிட்டு வாருங்கள்.

படி 7: முறைப்பாட்டுப் புத்தகம்

அனுமதி கிடைத்ததும் ஆலோசகர்கள் கொழும்புக்குப் போய்விடுவார்கள், ஒப்பந்தக்காரர் வருவார். வேலி பிடுங்குவது, வரம்பை உடைப்பது, பயிர் மிதிபடுவது எல்லாம் அதற்குப் பிறகுதான். முறைப்பாட்டை யாரிடம் கொடுப்பது, எத்தனை நாளில் பதில், பதில் வராவிட்டால் அடுத்து யார் என்ற மூன்றும் அறிக்கையின் முகாமைத்துவத் திட்டத்தில் இருக்க வேண்டும். நட்டஈட்டில் பிரதேச செயலகத்துக்கு எந்த இடத்தில் பங்கு, மின்வழியைக் கட்டும் மின்சார நிறுவனத்துக்கு எந்த இடத்தில் பங்கு என்பதைத் தனியாக எழுதுங்கள், மக்கள் அலைவது அந்த இடைவெளியில்தான். முறைப்பாட்டுப் புத்தகம் ஒப்பந்தக்காரரின் முகாமில் இருக்கக் கூடாது. விதானையாரின் அலுவலகத்தில் ஒன்று, மாதர் சங்கத்தில் ஒன்று. தொலைபேசி எண் கொடுப்பதானால், அழைத்தால் தமிழில் பதில் சொல்லக்கூடிய ஒருவருடைய எண்ணாக இருக்கட்டும்.