ஹேமக் கட்ட மரம் இல்லையா? தரையில் படுக்கும் வழி

ஹேமக் என்பது இரண்டு மரங்களுக்கிடையே கட்டிப் படுக்கும் துணித் தொட்டில். முகாமிடும் இடத்தில் சுற்றிலும் பட்ட மரங்கள், அல்லது மரமே இல்லை, அல்லது கட்டும் பட்டை அறுந்துவிட்டது. தரைதான் என்றால் அதை வெளிச்சம் இருக்கும்போதே முடிவு செய்யுங்கள். இருட்டில் இடம் பிடித்தால் கல்லும் எறும்புப் புற்றும் படுத்த பிறகுதான் தெரியவரும்.

பள்ளம் வேண்டாம், மழைநீரும் குளிர்காற்றும் அங்கேதான் இறங்கும். லேசான மேடு நல்லது. சரிவாக இருந்தால் தலை மேட்டுப்பக்கம். அண்ணாந்தும் பாருங்கள்: காய்ந்த கிளை தொங்கினால் இடத்தை மாற்றுங்கள்.

தார்ப்பாயை வழக்கமான உயரத்தில் கட்டினால் சாரல் உள்ளே வரும். தார்ப்பாயின் நடுவைத் தாங்கும் கயிற்றை இடுப்பளவுக்கு, சுமார் 90 செ.மீ. உயரத்துக்கு இறக்குங்கள். மரம் இல்லையென்றால் இரண்டு ட்ரெக்கிங் கம்புகளை நட்டு, கயிற்றைக் கம்பின் உச்சியில் சுற்றி, ஒன்றரை மீட்டர் தள்ளி முளையடித்து இழுத்துக் கட்டுங்கள். கயிறு தளர்ந்தால் கம்பு சாயும். காற்றடிக்கும் பக்க விளிம்பு தரையைத் தொடட்டும். இரு முனைகளையும் முழுக்க மூடாதீர்கள். மூச்சின் ஈரம் உள்பக்கம் படிந்து சொட்டும்.

கீழே விரிக்கும் பாலித்தீன் ஷீட் தார்ப்பாய்க்கு வெளியே நீளக்கூடாது. நீண்டால், மேலே வழிகிற மழையை ஏந்தி நேராக உங்கள் முதுகுக்கடியில் சேர்த்துவிடும். ஓரங்களை உள்ளே மடியுங்கள்.

பலர் ஏமாறுவது குளிரில். அண்டர்குவில்ட் (ஹேமக்குக்கு அடியில் தொங்கவிடும் மெத்துப் போர்வை) ஹேமக்கில் சூடு தருவது, அது அமுங்காமல் தொங்குவதால். தரையில் உடம்பின் எடைக்கு அது நசுங்கிப் போகும், உள்ளே காற்று நிற்காது. அதை மேலே இன்னொரு போர்வையாகப் போர்த்துங்கள். அடியில் தேவை, நசுங்காத ஃபோம் மேட், 1 செ.மீ. தடிமனில், தோளிலிருந்து இடுப்புவரை இருந்தாலே சமாளிக்கலாம். கால்களுக்குக் காலிப் பையைப் போடுங்கள். எடையைக் குறைக்கிறேன் என்று மேட்டை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவது வீண் சிக்கனம். மேட் இல்லையென்றால் காய்ந்த சருகை முழங்கால் உயரம் குவியுங்கள். படுத்ததும் வெகுவாக அமுங்கிவிடும். இருபுறமும் கட்டைகளை அணைத்து வைத்தால் சருகு சிதறாது. ஈரச் சருகு உடம்புச் சூட்டை உறிஞ்சும், தொடவேண்டாம்.

ஹேமக்கில் கொசுவலை தைத்திருந்தால் ஷீட்டின்மேல் விரித்து, மேட்டை உள்ளே வைத்து, வலையின் கயிற்றைக் கம்புகளில் கட்டித் தூக்குங்கள். வலை தோலில் ஒட்டினால் கொசு அதன் வழியாகவே கடிக்கும். ஹேமக் துணி மெல்லியது. முள்ளையும் குச்சியையும் பொறுக்கியெடுக்காமல் விரிக்காதீர்கள். காலையில் ஷூவைத் தட்டி உதறிவிட்டுக் காலை விடுங்கள்.