கட்டிக்குள் மருந்து இறங்க: நுண்குமிழியும் அல்ட்ராசவுண்டும்

ரத்தத்தில் செலுத்தும் புற்றுநோய் மருந்தில் சொற்பமே கட்டிக்குள் போகிறது. கட்டியின் உள்ளே திரவ அழுத்தம் அதிகம். ரத்தக்குழாயை விட்டு வெளியேறும் மருந்தை அது தடுக்கிறது. குழாயில் ஓடும் நுண்குமிழிகளை (ரத்தத்தில் செலுத்தும் மிகச் சிறிய வாயுக்குமிழிகள்) அல்ட்ராசவுண்டு ஒலியலையால் சுருங்கி விரிய வைத்தால், குழாய்ச் சுவர் சற்றே இளகி வழிவிடும். எலியின் கட்டியில் ஆய்வுக்கூடத்தில் இதைச் செய்யும் முறை இது.

ஒலியலையை உண்டாக்கும் 1 மெகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்டியூசரை வாயு நீக்கிய நீரில் ஹைட்ரோஃபோன் (நீருக்குள் ஒலியழுத்தம் அளக்கும் கருவி) வைத்து அளந்துகொள்ளுங்கள். ஆம்ப்ளிஃபயர் காட்டும் வோல்ட் போதாது. குவியும் இடத்தில் எத்தனை மெகாபாஸ்கல் என்பது தெரிய வேண்டும். எதிர்மறை உச்ச அழுத்தம் 0.2 மெகாபாஸ்கலில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றலாம். 10 மில்லிவினாடித் துடிப்பு, வினாடிக்கு ஒன்று. இடைவெளி விடாமல் அடித்தால் குமிழிகள் அழிந்துபோகும், புதியவை வந்து சேர நேரமிருக்காது.

சோனோவியூ என்ற நுண்குமிழி மருந்தின் குப்பியில் 5 மில்லி சலைன் விட்டு 20 வினாடி நன்றாகக் குலுக்குங்கள். குமிழிகள் மேலே மிதந்துவிடும் என்பதால் ஒவ்வொரு முறை எடுக்கும் முன்பும் மறுபடி கலக்க வேண்டும். சிரிஞ்சை வெடுக்கென்று இழுத்தாலோ மெல்லிய ஊசியில் வேகமாகத் தள்ளினாலோ பாதி குமிழி அங்கேயே உடைந்துவிடும். மயக்க மருந்தைத் தூய ஆக்சிஜனில் கொடுக்காமல் காற்றில் கொடுங்கள். ஆக்சிஜனில் குமிழியின் ஆயுள் குறைகிறது.

ரோமத்தை முழுதாக நீக்குங்கள். ஒட்டிய ஒரு முடிக்கற்றையில் சிக்கிய காற்றே ஒலியைத் திருப்பியனுப்பிவிடும். ஜெல்லிலும் காற்றுக்குமிழி இருக்கக் கூடாது. கட்டிக்குப் பின்னால் ஒலியை உறிஞ்சும் ரப்பர் வையுங்கள். இல்லையென்றால் எதிரொலி சேர்ந்து, அளந்ததைவிட அழுத்தம் எகிறும்.

இனி முக்கியமான வேலை: குமிழியின் சத்தத்தைக் கேட்பது. தனி ரிசீவரில் 0.5, 1.5 மெகாஹெர்ட்ஸில் கூர்மையான உச்சங்கள் தெரிந்தால் குமிழி சீராக அதிர்கிறது. அந்த அழுத்தத்திலேயே நில்லுங்கள். எல்லா அதிர்வெண்ணிலும் இரைச்சல் எழுந்தால் குமிழி நொறுங்குகிறது, உடனே குறையுங்கள். மீறினால் நுண்குழாய்கள் கிழிந்து ரத்தம் கசியும், ஓட்டமே நின்றுவிடும். திறக்கப்போன பாதை அடைபட்டதுதான் மிச்சம்.

மருந்து மட்டும், மருந்தும் குமிழியும், மருந்தும் ஒலியும் என ஒப்பீட்டுக் குழுக்கள் மூன்றும் கட்டாயம். டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்து உரிய ஒளி பட்டால் தானே ஒளிரும். திசுச் சீவலில் அது குழாயிலிருந்து எத்தனை மைக்ரோமீட்டர் நகர்ந்திருக்கிறது என்று அளந்து பாருங்கள்.